தனிமனிதனின் பங்கு: ஒரு பத்து மதிப்பெண் வினாவின் வரலாறு

1

நான் வேதியியல் ஆசிரியன். சூழலியல் படித்தவன் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2004-05 கல்வியாண்டில் இளங்கலை வகுப்புகள் அனைத்துக்கும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயப் பாடமாக வந்து சேர்ந்தபோது, அதை யார் நடத்துவது என்ற கேள்வி எங்கள் கல்லூரியில் எழுந்தது. யாருக்குப் பாடவேளை குறைகிறதோ அவர் தலையில் கட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. அந்த ஆண்டு எனக்கு வாரத்துக்கு மூன்று மணி நேரம் குறைந்தது. நான் சூழலியல் ஆசிரியனான கதை இவ்வளவுதான். 2017இல் ஓய்வு பெறும்வரை அந்தப் பாடம் என்னை விடவில்லை.

இந்த ஆண்டுகளில் சில ஆயிரம் விடைத்தாள்களைத் திருத்தியிருப்பேன். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் ஒரு வினா வந்துவிடும்: 'சூழல் மாசைத் தடுப்பதில் தனிமனிதனின் பங்கு யாது?' பத்து மதிப்பெண். பிள்ளைகள் நன்றாகவே எழுதுவார்கள். குழாயை மூட வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும், கடைக்குத் துணிப்பை கொண்டுபோக வேண்டும், பேருந்தில் போக வேண்டும், மரம் நட வேண்டும். பேருந்தைத் தவிர வேறெதிலும் ஏறியிராத பிள்ளைகள் பேருந்தில் போகச் சொல்லி எழுதுவார்கள். வீட்டில் குழாயே இல்லாத பிள்ளைகள் குழாயை மூடச் சொல்லி எழுதுவார்கள். நானும் பத்துக்கு எட்டுப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பேன்.

யார் இந்தத் தனிமனிதன்? எந்தச் சாதி, எந்த ஊர், எவ்வளவு வருமானம்? எதுவும் கிடையாது. கையில் ஒரு குழாய், ஒரு விளக்கு, ஒரு பை மட்டும் உண்டு. அவன் எப்போது, யாரால், எதற்காக நம் வகுப்பறைக்குள் கொண்டுவந்து உட்கார வைக்கப்பட்டான்? கல்லூரிக்குள் சூழலுணர்வு இந்த உருவத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இருந்ததா? இந்தக் கட்டுரை இவற்றைத்தான் கேட்கிறது. பதிலின் ஒரு பகுதி என்னைப் பற்றியது என்பதால் தன்மையிலேயே எழுதுகிறேன்.

2

பாடத்திட்டம் வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கல்லூரிக்குள் இந்த விஷயம் வேறு வழியாக நுழைந்துவிட்டது. நமக்கு மிக அருகில், வடமலபாரில் நடந்தது அது.

பையனூர், 1930இல் கே. கேளப்பன் தலைமையில் மலபாரின் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த ஊர். அங்குள்ள கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் ஜான் சி. ஜேக்கப். 1970களில் அவர் கல்லூரியில் விலங்கியல் கழகத்தைத் தொடங்கினார். விலங்கியல் கழகம் எல்லாக் கல்லூரிகளிலும்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு, ஒரு தேநீர் என்று முடிந்துவிடும். இவர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஏழிமலைக்குப் போனார். அங்கே இயற்கை முகாம்கள் நடத்தினார். மலையையும் கடலையும் பார்ப்பது, நடப்பது, உள்ளதைச் சமைத்துச் சாப்பிடுவது, ராத்திரியில் உட்கார்ந்து பேசுவது. மதிப்பெண் கிடையாது. அந்தக் கழகத்தின் தொடர்ச்சியாக உருவானதுதான் கேரளச் சுற்றுச்சூழல் கல்விக் கழகமான 'சீக்'. கேரளச் சூழல் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவராக அவரை இன்றும் சொல்கிறார்கள். 2008இல் மறைந்தார்.

இதே காலத்தில்தான் சைலன்ட் வேலி பிரச்சினை வெளியே வந்தது. பாலக்காட்டு மாவட்டத்தில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973இல் திட்டக்குழு ஒப்புதல் தந்திருந்தது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், 1962இல் அறிவியல் எழுத்தாளர்களின் அமைப்பாகத் தொடங்கியது. அதன் ஆட்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள். அவர்களில் ஒருவரான தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் அந்த மழைக்காட்டைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1979இல் பரிஷத் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. தாவரவியல், மின்பொறியியல், வேளாண்மை, பொருளாதாரம் தெரிந்தவர்கள் கூடி உட்கார்ந்து எழுதியது. மின்வாரியம் சொன்ன ஒவ்வொரு கணக்கையும் எடுத்து, 'இது சரியா?' என்று கேட்டார்கள். மலபாரின் மின்தேவையை வேறு வழிகளில் எப்படித் தீர்க்கலாம் என்று பதில் கணக்கும் போட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள், தங்கள் மாநில அரசின் திட்டத்தை, அதன் ஆவணங்களைக் கொண்டே விசாரித்தார்கள். அதுவும் சொந்த அரசியல் வீட்டுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு. பரிஷத்தில் இடதுசாரிச் சார்புடையோர் நிறைய. ஆனால் மார்க்சிஸ்ட் கட்சியும் மின்வாரியத் தொழிற்சங்கங்களும் அணை வேண்டும் என்ற பக்கம். மின்சாரம் இல்லாமல் தொழில் ஏது, தொழில் இல்லாமல் தொழிலாளி ஏது என்ற வாதத்தை ஒரே அடியாகத் தள்ளிவிட முடியாது. தள்ளாமல்தான் பதில் சொன்னார்கள்.

அப்போது நான் கோயம்புத்தூரில் இளங்கலை மாணவன். விடுதியில் என் அறைத்தோழன் பாலக்காட்டுக்காரன். ஊரிலிருந்து திரும்பியபோது மலையாளத்தில் அச்சிட்ட ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்தான். எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினான். "கரண்டு வேண்டாம்னு சொல்றானுங்களா? கிறுக்கனுங்களா?" என்று கேட்டேன். அவன் பேசவில்லை. அறிக்கையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். முழுக்க எண்கள்.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழு 1983இல் அறிக்கை தந்தது. திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார்.

3

இந்த வெற்றியைக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. இதற்கும் எல்லை உண்டு.

சைலன்ட் வேலியின் நடுக்காட்டில் மனிதக் குடியிருப்பு இல்லை. சோலைமந்திக்காகவும் மழைக்காட்டுக்காகவும் படித்த நடுத்தர வர்க்கம் ஒருமனதாக உருக முடிந்ததற்கு அது ஒரு காரணம். பக்கத்திலேயே அட்டப்பாடி. அங்கே இருளர், முதுகர், குறும்பர் நிலங்கள் குடியேறிகளிடம் கைமாறிக்கொண்டிருந்தன. மேற்கிலிருந்து போன மலையாளிகளும், கிழக்கே இங்கிருந்து போன தமிழர்களும் அந்தக் குடியேறிகளில் உண்டு. பறிபோன ஆதிவாசி நிலத்தைத் திருப்பித் தரும் சட்டத்தைக் கேரளச் சட்டமன்றம் 1975இலேயே இயற்றியது. அதற்கான விதிகள் 1986இல்தான் வந்தன. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளுக்குள்தான் சைலன்ட் வேலிப் போராட்டம் தொடங்கி, நடந்து, வென்றும் முடிந்தது. காட்டுக்குக் கிடைத்த வேகம் காட்டு மக்களுக்குக் கிடைக்கவில்லை.

ஏழிமலைக்கு வருவோம். சங்கப் பாடல்களில் வரும் ஏழில்மலை இதுதான், நன்னனின் மலை. நன்னனின் காவல்மரமான மாவிலிருந்து ஆற்றில் விழுந்து மிதந்து வந்த பசுங்காயைத் தின்ற குற்றத்துக்காக, நீராடப் போன பெண் ஒருத்தியை அவன் கொன்ற செய்தியைக் குறுந்தொகையின் 292ஆம் பாடல் சொல்கிறது. அந்த நன்னனும் ஏழில்மலை நன்னனும் ஒருவரா என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் பேசிக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது அந்த மரம். மரத்தைக் காப்பது என்பது இந்த மண்ணில் மிகப் பழைய காலத்திலேயே அதிகாரத்தின் வேலையாகவும் இருந்திருக்கிறது. எனவே 'காப்போம்' என்று யார் சொன்னாலும், யாரிடமிருந்து என்று கேட்டாக வேண்டும்.

முகாம்கள் நடந்த அந்த ஏழிமலையில் 1987 ஜனவரியில் கடற்படைப் பயிற்சிக் கழகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர், சைலன்ட் வேலியைத் திறந்து வைத்த அதே ராஜீவ் காந்தி. 2009இல் கழகம் முறைப்படி திறக்கப்பட்டது. அதன் வளாகம் சுமார் 2,500 ஏக்கர். அங்கிருந்த குடும்பங்கள் வெளியேறின. ஒரே அரசு, ஒரே ஆள். ஒரு மலையைப் பூங்காவாக்குகிறார். இன்னொரு மலைக்கு வேலி போடுகிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் சூழல் கல்வி என்று நான் நினைக்கிறேன்.

4

இனி இரண்டாவது பாதை. இது சட்டத்தின் வழியாக வந்தது.

இந்திய அரசியல் சட்டத்தில் சுற்றுச்சூழல் எப்போது நுழைந்தது? 1976இல், 42ஆவது திருத்தத்தின் மூலம். அதாவது நெருக்கடி நிலையின்போது. காடு, ஏரி, ஆறு, கானுயிர் ஆகியவற்றைக் காப்பது குடிமகனின் அடிப்படைக் கடமை என்று 51அ பிரிவு சேர்க்கப்பட்டது. அரசுக்கும் 48அ என்று ஒரு நெறி சேர்த்தார்கள். ஆனால் நெறிமுறைகளை வைத்து அரசை நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது என்பது அரசியல் சட்டத்தின் ஏற்பாடு. உரிமைகள் முடக்கப்பட்டிருந்த காலத்தில் கடமைகள் வந்தன. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தபோது, வெளியே இருந்தவனுக்கு மரத்தைக் காக்கும் கடமை தரப்பட்டது. நம் 'தனிமனித'னின் பிறப்புச் சான்றிதழில் இந்தத் தேதியைத்தான் நான் எழுதுவேன்.

அடுத்தது 1991 நவம்பர் 22. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. திரையரங்குகளில் ஒவ்வொரு காட்சியிலும் குறைந்தது இரண்டு சூழல் ஸ்லைடுகள் காட்ட வேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் நிகழ்ச்சி நடத்த வேண்டும். பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும். மேத்தாவின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்த வழக்கு இல்லையென்றால் இன்றுள்ள அளவுக்குக்கூட எதுவும் இருந்திருக்காது. ஆனால் பல்கலைக்கழகங்கள் பத்தாண்டுக்கு மேல் தூங்கின. 2003 டிசம்பரில் நீதிமன்றம் மறுபடி அதட்டிய பிறகே பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆறுமாதப் பாடம் அவசர அவசரமாக வகுப்பறைக்கு வந்தது.

எட்டு அலகு, ஐம்பது பாடவேளை. எழுத்துத் தேர்வுக்கு 75, களப்பணிக்கு 25 மதிப்பெண். நியாயமாகச் சொல்ல வேண்டும்: மோசமான பாடத்திட்டம் அல்ல அது. அணைகளும் பழங்குடி மக்களும், இடம்பெயர்ந்தோர் மறுவாழ்வு எல்லாம் அதில் இருந்தன. ஆனால் மக்கள்தொகைக்குத் தனி அலகு இருந்தது. சாதி என்ற சொல் எந்த அலகின் தலைப்பிலும் இல்லை. மலம் எங்கே போகிறது என்ற பாடம் இருந்தது. அதை யார் அள்ளுகிறார் என்ற பாடம் இல்லை. 'தனிமனிதனின் பங்கு' மட்டும் இரண்டு அலகுகளில் தனித்தனியாக வந்தது, வளங்களைக் காப்பதில் ஒன்று, மாசைத் தடுப்பதில் ஒன்று. ஆலையின் பங்கு என்றோ அரசின் பங்கு என்றோ அதே மாதிரி ஒரு தலைப்பு வரவில்லை.

அல்தூஸ்ஸர், கருத்தியல் மனிதர்களை விளித்துத் தன்னிலைகளாக ஆக்குகிறது என்பார். தெருவில் போலீஸ்காரர் 'ஏய்' என்றதும் திரும்புகிறவன், அந்த நொடியில் குற்றம் சாட்டப்படத் தக்கவனாகிவிடுகிறான். நம் பாடத்திட்டம் மாணவனை அப்படித்தான் கூப்பிட்டது. பையனூரில் மாணவன் கேட்பவனாக இருந்தான். இங்கே கேட்கப்படுபவன் ஆனான்.

5

இப்போது என் கதை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் கல்லூரி நொய்யல் பாயும் வட்டாரத்தில் இருந்தது. களப்பணியில் 'உள்ளூரில் மாசடைந்த இடம் ஒன்றைப் பார்த்தல்' என்று ஒரு பகுதி உண்டு. 2006இல் ஒரு வகுப்பை ஒரத்துப்பாளையம் அணைக்குக் கூட்டிப்போனேன். 1992இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அணை. சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாகி, 'தண்ணீரைத் திறக்காதீர்கள்' என்று விவசாயிகளே வழக்குக்குப் போன அணை. கரையில் உப்புப் பூத்துக் கிடந்தது. பாட்டில்களில் நீர் எடுத்தோம். வழியில் இரண்டு கிணறுகளிலும் எடுத்தோம். ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட்டைப் பியூரெட்டில் ஊற்றிக் குளோரைடு அளந்தோம். அதுவரை பாடத்தில் இறந்து கிடந்த தரம்பார்த்தல் அன்றைக்கு உயிர் பெற்றது.

பிள்ளைகளுக்கு விளக்கினேன். பருத்தி நூலில் சாயம் ஏற உப்புக் கரைசல் வேண்டும். சாயம் துணியில் தங்கும், உப்பு தங்காது. போட்டது அத்தனையும் கழிவுநீரில் வெளியே வரும். அப்போதிருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன. கரைந்த உப்பை எடுக்கவில்லை. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த திடப்பொருள் இருக்கக் கூடாது என்பது விதி. விதி காகிதத்தில் இருந்தது. உப்பு ஆற்றில் இருந்தது.

ஆயக்கட்டு ஊரிலிருந்து வந்த பையன் ஒருவன், "எங்க கெணத்துத் தண்ணிய மாடே மூஞ்சி வெக்கறதில்லீங் சார்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சார், பட்டறையில உப்பு மூட்டையப் பிரிச்சுக் கொட்டறதே எங்கப்பாதானுங்க. அப்ப தனிமனிதனின் பங்குன்னா அது எங்கப்பாவுங்களா?"

என்னிடம் பதில் இல்லை. "அதையே எழுதுங்க" என்றேன். எழுதினார்கள். உப்பை யார் வாங்குகிறார், யார் கொட்டுகிறார், பனியன் எங்கே போகிறது, லாபம் எங்கே நிற்கிறது, உப்பு எங்கே நிற்கிறது என்று பட்டியல் போட்டுப் பதினெட்டுப் பேர் எழுதினார்கள். என் ஆசிரிய வாழ்க்கையில் நான் வாங்கிய நல்ல ரெக்கார்டுகள் அவைதான்.

கல்லூரியின் அறக்கட்டளை உறுப்பினர் ஒருவருக்குச் சாயப்பட்டறை இருந்தது. ஒரு வாரத்தில் முதல்வர் கூப்பிட்டார். கோபப்படவில்லை, காபி வரவழைத்தார். "களப்பணின்னா செடி, பூச்சி, பறவை பாக்கறதும் சிலபஸ்லயே இருக்குதே சார். நம்ம கேம்பஸ்லயே எத்தனை பறவை! எதுக்கு வம்பு?" என்றார். சிலபஸில் இருந்தது உண்மைதான். எனக்கு அப்போது பதவி உயர்வுக் கோப்பு மேசையில் இருந்தது. பதினெட்டு ரெக்கார்டுகளையும் திருப்பிக் கொடுத்தேன். 'கல்லூரி வளாகத்தில் பறவைகள்' என்று எழுதிவரச் சொன்னேன். அந்த மாணவியும் எழுதிக்கொண்டு வந்தாள். மைனா, கரிச்சான், செம்போத்து. 25க்கு 23 போட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் விதியை மீறிய சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள். அந்தத் தீர்ப்பு வரவேண்டியதுதான்; ஆறும் ஆயக்கட்டும் செத்துக்கொண்டிருந்தன. ஆனால் வழக்கு விவசாயிகளுக்கும் முதலாளிகளுக்கும் அரசுக்கும் இடையில் நடந்தது. உப்பு மூட்டை பிரித்தவர் அதில் எந்தத் தரப்பிலும் இல்லை. ஒருநாள் பேருந்தில் அந்த மாணவியைப் பார்த்தேன். அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்றாள். கைகளில் புண் ஆறியிருக்கிறது என்றும் சொன்னாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். இதைச் சேர்த்து யோசிக்க வைக்கும் பாடம் ஒன்றை அவளும் அவள் வகுப்பும் 2006இலேயே எழுதியிருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுத்தவன் நான்.

6

ஓய்வுக்குப் பிறகு ஒரு முறை கல்லூரிக்குப் போனேன். 'பசுமை வளாகம்' விழா. தேசியத் தர மதிப்பீட்டுக் குழு ஏழாவது அளவுகோலின் கீழ் பசுமைத் தணிக்கை, மழைநீர்ச் சேகரிப்பு, கழிவு மேலாண்மை எல்லாம் கேட்டதால் கல்லூரிகள் இதில் அப்போது மும்முரம். பேராசிரியர்களும் மாணவர்களும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள். அந்த நேரத்தில் ஆய்வகக் கட்டடத்துக்குப் பின்னால் மூன்று பெண்கள் உட்கார்ந்து, விடுதிக் குப்பையை வெறுங்கையால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் வந்தவர்கள். கல்லூரியின் பணியாளர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. அந்த வளாகத்தில் சூழலுக்காக நாள் முழுதும் வேலை செய்தவர்கள் அவர்கள் மட்டும்தான். உறுதிமொழிக்கு அவர்களைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

கல்லூரிக்குள் சூழலுணர்வை வளர்ப்பது எப்படி என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மரக்கன்று நடுவதை நான் கேலி செய்யவில்லை, நடுங்கள். ஆனால் அந்தப் பத்து மதிப்பெண் வினாவை மாற்றிக் கேளுங்கள். உங்கள் கல்லூரி ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் நீர் எடுக்கிறது? யாருடைய நிலத்தடியிலிருந்து? கழிப்பறை நீர் எந்த ஓடையில் சேர்கிறது? குப்பையைத் தொடுகிற கை யாருடையது, அவருக்குக் கையுறை உண்டா, கூலி எவ்வளவு, அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்? கட்டடம் எந்த ஏரியின் புறம்போக்கில் நிற்கிறது? இவற்றுக்கான பதிலைப் புத்தகத்தில் எடுக்க முடியாது. மாணவர்கள் போய்க் கேட்டு, அளந்து வர வேண்டும். ஆசிரியர்களும் கூடப் போக வேண்டும். சைலன்ட் வேலிக்காரர்கள் செய்தது அடிப்படையில் இதுதான். அவர்கள் விட்ட இடத்தையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதாவது காட்டோடு காட்டு மக்களையும், ஆற்றோடு உப்பு மூட்டை பிரிப்பவரையும்.

பாடத்திட்டங்கள் பின்னால் மாறியிருக்கின்றன. களப்பணி என்ற பகுதி மட்டும் ஏதோ ஒரு வடிவில் தொடர்கிறது. கதவு அந்த அளவுக்குத் திறந்துதான் இருக்கிறது. இன்று அந்தப் பாடத்தை நடத்தும் இளம் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான் உண்டு. பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்தால், ரெக்கார்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.